மூட்டையில் சிறுநீர், பிள்ளைக்குக் கீறல்... பூனையை விரட்டும் முன் அதன் தட்டைப் பாருங்கள்!

விழுப்புரம் மாவட்டத்தில் 2 ஏக்கர் மல்லாட்டையும் ஒரு கறவை மாடும் வைத்திருக்கும் ஒரு சிறு விவசாயி வீடு. பங்குனியில் அறுவடை முடிந்து, காயவைத்த மல்லாட்டை மூட்டைகள் கூடத்தில் அடுக்கியிருந்தன. அதில் 3 மூட்டைகள் ஆடிப்பட்டத்து விதைக்கென்று தனியாக எடுத்து வைத்தவை. மூட்டைக்குக் காவல், வீட்டில் வளரும் சாம்பல் நிறப் பெட்டைப் பூனை. அது வந்த பிறகு எலி ஒரு சாக்கைக்கூடக் கடித்ததில்லை.

சித்திரை பிறந்ததும் அந்தப் பூனையின் போக்கு மாறியது. மடியில் வந்து சுருண்டுகொள்ளும் பூனை, முதுகில் கை வைத்தால் சீறியது. ராத்திரியெல்லாம் கத்தியபடி வீட்டைச் சுற்றிவந்தது. விதை மூட்டை மேல் ஏறிச் சிறுநீர் கழித்தது. ஈரம் பட்ட காயில் பூஞ்சணம் பிடிக்கும் என்பதால் ஒரு மூட்டையைப் பிரித்துக் கொட்டி, மேல்காயைக் கழிக்க வேண்டியதாயிற்று. கடைசியாக, தூக்கப்போன 7 வயதுப் பையனின் கையைக் கீறிவிட்டது.

"சாக்குல போட்டுக் கட்டி, சந்தைக்குப் போறப்ப அங்கயே விட்டுட்டு வாடா" என்றார் பாட்டி.

"ஏங்க, அப்புறம் மூட்டைய யாரு பாத்துக்கிறது? எலிக்கு மருந்து வெச்சா கொட்டாயில கோழி சுத்துதே" என்று தயங்கினார் வீட்டம்மா.

இந்தப் பேச்சு நடக்காத கிராமம் இல்லை. பூனை 'கெட்டுப்போய்விட்டது' என்று முடிவு கட்டி, ஆற்றுக்கு அப்பால் விட்டுவிட்டு வருவது வழக்கம். ஆனால், நேற்றுவரை நன்றாக இருந்த பூனையின் குணம் திடீரென்று மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதன் உடம்பை. வலியும் அரிப்பும் உள்ள பூனை, மாடுபோல் தீவனத்தை மறுத்துப் படுத்துக்கொண்டு நோயைக் காட்டாது. ஒளியும், சீறும், கடிக்கும், இடம் மாறிச் சிறுநீர் கழிக்கும்.

பூனையைக் காப்பாற்றிய 10 நாள்

பையனின் கையைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். இது மிகச் சரியான வேலை. ரேபிஸ் எனப்படும் வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை, பூனைக் கடியாலும் கீறலாலும் வரும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. தடுப்பூசியை அன்றைக்கே தொடங்கி, சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டுவிட வேண்டும்.

அங்கே இருந்த செவிலியர் இன்னொன்றும் சொன்னார். "பூனையை விரட்டிடாதீங்க. 10 நாள் கண்ணுல படுற மாதிரி வெச்சிருங்க." கடித்த நாயோ பூனையோ வெறிநோயைப் பரப்பும் நிலையில் இருந்தால், பொதுவாக 10 நாளுக்குள் அதற்கு நோய் முற்றிவிடும். அந்த 10 நாளும் பூனை தின்றது, குடித்தது, நடமாடியது. ஆனால் சொறிவது நிற்கவில்லை. பதினோராம் நாள், அதைக் கோழிக் கூடையில் போட்டுக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனார் விவசாயி.

மருத்துவர் கேட்டவை 3 கேள்விகள். எங்கே சொறிகிறது? என்ன தின்கிறது? எங்கே சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தது? வீட்டுப் பூனை வைத்திருக்கும் எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவைதான்.

முதலில் தெள்ளுப்பூச்சி

நம் ஊர்ச் சூட்டில் பூனைக்கு அரிப்பு என்றால் முதல் குற்றவாளி தெள்ளுப்பூச்சி. வாலடியிலும் பின்முதுகிலும் முடி கொட்டியிருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். சில பூனைகளுக்கு அந்தப் பூச்சியின் எச்சிலே ஒவ்வாது. ஒன்றிரண்டு பூச்சி கடித்தாலும் உடம்பு முழுக்க அரிக்கும். பூனை நக்கி நக்கிப் பூச்சியை விழுங்கிவிடுவதால் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாமல் போகலாம்.

வீட்டிலேயே சோதிக்க எளிய வழி உண்டு. ஈரமாக்கிய வெள்ளைத் தாளைத் தரையில் விரித்து, பூனையை அதன்மேல் நிறுத்திப் பேன் சீப்பால் வாருங்கள். விழும் கருந்தூள் ஈரத்தில் கரைந்து செம்பழுப்பாகப் பரவினால், அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, அதாவது செரித்த ரத்தம். பரவாமல் கருப்பாகவே இருந்தால் வெறும் மண்.

இந்தப் பூனைக்குத் தாள் சிவந்தது. மருத்துவர் பூனைக்கென்றே உள்ள சொட்டு மருந்தை, எடை பார்த்து, நாக்கு எட்டாத பிடரியில் விட்டார். பூச்சியின் முட்டையும் புழுவும் பூனை படுக்கும் சாக்கிலும் தரைப் புழுதியிலும்தான் இருக்கும். அதனால் சாக்கை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடவும், 4 வாரம் மூலை முடுக்கெல்லாம் தினமும் பெருக்கவும் சொன்னார்.

மாட்டு உண்ணி மருந்து பூனைக்கு எமன்

அப்போதுதான் விவசாயி ஒரு விஷயத்தைச் சொன்னார். "கொட்டாயில மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து பாதி பாட்டில் இருக்கு. அதையே தடவிடலாம்னு இருந்தேன். இதுக்கு முன்ன இருந்த பூனைக்குத் தடவினதுதான்."

"அந்தப் பூனை என்னாச்சு?" என்று கேட்டார் மருத்துவர்.

"அன்னிக்கு ராத்திரியே இழுத்துக்கிச்சு. விடியறதுக்குள்ள போயிடுச்சு. பாம்பு கடிச்சிருக்கும்னு நெனச்சோம்."

அது பாம்பு இல்லை. மாட்டு உண்ணிக்கு அடிக்கும் சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் எல்லாம் ஒரே குடும்பம். மாடும் நாயும் இவற்றை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. தடவிய சில மணி நேரத்திலேயே நடுக்கம், எச்சில் வடிதல், வலிப்பு வரும். பல பூனைகள் பிழைப்பதில்லை. அமிட்ராஸ் கலந்த உண்ணி மருந்தும் பூனைக்கு ஆகாது. வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய், கற்பூரம் ஆகியவற்றையும் பூசக் கூடாது. பூனை தன் உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும் பிராணி. தோலில் பூசியதெல்லாம் வயிற்றுக்குப் போய்விடும்.

தெரியாமல் தடவிவிட்டால் வலிப்பு வரும்வரை காத்திருக்காதீர்கள். பாத்திரம் துலக்கும் சோப்பு நீரையும் வெதுவெதுப்பான தண்ணீரையும் கொண்டு உடனே கழுவி, துடைத்து, துணியில் சுற்றி மருத்துவரிடம் ஓடுங்கள்.

பாதி அரிப்பு போனது, மீதி?

4 வாரத்தில் பூனையின் வாலடியில் முடி முளைத்தது. ஆனால் கண்ணுக்கு மேலும், காதடியிலும், கழுத்திலும் சொறிந்து புண்ணாக்கிக்கொள்வது அப்படியே இருந்தது. காதில் காப்பித்தூள் போன்ற அழுக்கு இல்லை. ஆகவே காதுச் சிற்றுண்ணி இல்லை. வட்ட வட்டமான சொட்டை இல்லை. ஆகவே படர்தாமரையும் இல்லை என்று மருத்துவர் பார்த்துக்கொண்டார். அதன் பிறகுதான் உணவு ஒவ்வாமை என்ற சந்தேகத்துக்கு வந்தார்.

உணவு ஒவ்வாமை என்றால், உணவிலுள்ள ஒரு புரதத்தை உடம்பு பகைவன் என்று தவறாக நினைத்துச் சண்டைக்குப் போவது. உணவு கெட்டுப்போனது என்று பொருள் இல்லை. புதிதாக ஏதாவது தின்றால்தான் வரும் என்றும் இல்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தின்று பழகிய உணவே ஒருநாள் ஆகாமல் போகும். பூனைகளில் மாட்டிறைச்சி, மீன், கோழி இந்த மூன்றும்தான் அதிகம் கண்டறியப்பட்டவை. அறிகுறிகள் இவை:

* தலை, முகம், காது, கழுத்தில் ஓயாத அரிப்பு, சொறிந்த புண்.
* தோலைத் தடவினால் கையில் தட்டுப்படும் சிறுசிறு பொருக்கு.
* வயிறு, தொடையில் நக்கி நக்கி முடி உதிர்தல்.
* சில பூனைகளுக்கு அடிக்கடி வாந்தி, இளகிய கழிச்சல்.
* கோடை, மழை என்று பருவம் பார்க்காமல் வருடம் முழுக்கத் தொல்லை.

ராத்திரியும் பகலும் அரித்துக்கொண்டே இருந்தால் மனிதருக்கே கோபம் வரும். பூனை தூக்கம் கெட்டுக் கத்துகிறது, தொட்டால் கடிக்கிறது. குழந்தையின் கை புண்ணில் பட்டதால்தான் அந்தக் கீறல் விழுந்தது.

இந்தப் பூனையின் தட்டில் இருந்தது என்ன? தினமும் கருவாட்டுத் தலை, மீன் கழிவு, கொஞ்சம் சோறு. மருத்துவரின் சந்தேகம் மீன்மேல் விழுந்தது.

எட்டு வாரச் சோதனை

இந்த ஒவ்வாமையை ரத்தப் பரிசோதனையால் நம்பகமாகக் கண்டுபிடிக்க முடியாது. உணவை மாற்றிப் பார்ப்பதுதான் ஒரே வழி. பூனை இதுவரை தின்றே இராத ஓர் இறைச்சியை மட்டும் குறைந்தது 8 வாரம் கொடுக்க வேண்டும். வேறு எதுவும் கூடாது. பால், பிஸ்கட், குழம்புச் சோறு, கருவாட்டுத் துண்டு எதுவுமே கூடாது. ஒரு வாய் கொடுத்தாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அந்த வீட்டில் ஆட்டுக்கறி தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். அதிலும் எலும்புகூடப் பூனைக்கு மிஞ்சாது, நாய்க்குப் போய்விடும். ஆகவே ஆட்டிறைச்சியே சோதனை உணவு. 3 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 கிராம். கறிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் கழிவுத் துண்டும் ஆட்டு இதயமும் கலந்து, உப்பும் மஞ்சளும் போடாமல் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் சேர்த்தே கொடுத்தார்கள். வெங்காயம், பூண்டு துளிகூடக் கூடாது. அவை பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சோகை உண்டாக்கும். ஈரலைத் தினசரி உணவாக்கினால் வைட்டமின் ஏ மிகுந்து எலும்பு கெடும்.

வெறும் இறைச்சி உணவில் சுண்ணாம்புச் சத்து குறைவு. ஆகவே இந்தச் சோதனையை மருத்துவர் மேற்பார்வையில், வளர்ந்த பூனைக்கு மட்டும் செய்ய வேண்டும். குட்டிக்கும் சினைப் பூனைக்கும் செய்யக் கூடாது.

கிராமத்துப் பூனைக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. எலி, பல்லி, பக்கத்து வீட்டு மீன் என்று வெளியே தின்றுவிட்டால் சோதனை வீண். அதனால் பூனையைத் திண்ணை அறையில் வலைக்கதவு போட்டு வைத்தார்கள். கூடத்தில் எலிப்பொறி வைத்தார்கள். அந்த 8 வாரமும் பொறி சும்மா இருந்த நாள் குறைவு. பூனை எவ்வளவு வேலை பார்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் பாட்டிக்கே தெரிந்தது.

ஐந்தாம் வாரத்தில் கழுத்துப் புண் காய்ந்தது. எட்டாம் வாரம் முகத்தில் முடி நிறைந்தது. பூனை பையனின் காலடியில் வந்து படுத்தது. சோதனை அதோடு முடிந்துவிடாது. பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தால்தான் உறுதியாகும். மீனைக் கொடுத்தார்கள். நான்காம் நாள் மறுபடி காதடியைச் சொறிந்தது. மீனை நிறுத்தினார்கள், அரிப்பும் நின்றது. சில பூனைகளுக்கு அரிப்புத் திரும்ப 2 வாரம்வரைகூட ஆகலாம்.

இதற்கு மருந்தென்று ஒன்றும் இல்லை. ஆகாத உணவை வாழ்நாள் முழுக்க விலக்குவதுதான் சிகிச்சை. இப்போது அந்தப் பூனைக்கு மீன் வாடையே கிடையாது. ஆட்டிறைச்சித் துண்டோடு, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்து ஒத்துக்கொண்ட முட்டையும் சோறும், அது பிடிக்கும் எலியும்தான் சாப்பாடு.

சிறுநீருக்குக் காரணம் வேறு

எல்லாவற்றுக்கும் ஒவ்வாமையே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாவது கேள்விக்குக் கிடைத்த பதில் இது: வீட்டின் பின்புறம் இருந்த மணல் குவியலில்தான் பூனை வழக்கமாகச் சிறுநீர் கழித்து மூடிவைக்கும். பங்குனியில் குளியலறை கட்ட அந்த மணலை அள்ளிவிட்டார்கள். அதற்குத் தெரிந்த மெத்தென்ற இடம் சாக்குதான். பழைய இரும்புச் சட்டியில் ஆற்றுமணல் நிரப்பித் திண்ணை மூலையில் வைத்து, தினமும் சுத்தம் செய்தார்கள். நனைந்த சாக்குகளைத் துவைத்து வாடை போக்கினார்கள். அன்றோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

ஆடியில் மழை விழுந்ததும் விதை மூட்டைகளைப் பிரித்தார்கள். கழித்த மேல்காய் தவிர மற்றதெல்லாம் விதைப்புக்கு வந்தது. பிரித்த சாக்கின்மேல் பூனை படுத்திருந்தது. அதை எழுப்பிவிட்டுத்தான் சாக்கை உதற வேண்டியிருந்தது.

இவை இருந்தால் அன்றே மருத்துவரிடம்!

* கடுவன் பூனை அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை, கத்துகிறது என்றால் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போகும்.
* நடுக்கம், வலிப்பு, தள்ளாட்டம்.
* ஈறு நீலமாகவோ பழுப்பாகவோ மாறுதல், முகம் வீங்குதல்.
* காரணமின்றிப் பாய்ந்து கடித்தல், தாடை தொங்கி எச்சில் வடிதல், தண்ணீர் விழுங்க முடியாமை. இது வெறிநோயாக இருக்கலாம். வெறுங்கையால் தொடாதீர்கள். அடைத்துவைத்துவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

வாசகர் கேள்விகள்

பால் குடித்தால் எங்கள் பூனைக்குக் கழிச்சல் ஆகிறது. இதுவும் ஒவ்வாமையா?

பெரும்பாலும் இல்லை. தாய்ப்பால் மறந்த பிறகு, பாலிலுள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் திறன் பூனைக்குக் குறைந்துவிடும். அது செரிமானக் கோளாறு. பாலை நிறுத்தினால் போதும். வளர்ந்த பூனைக்குப் பால் தேவையே இல்லை, நல்ல தண்ணீர்தான் தேவை.

எங்கள் வீட்டில் அசைவம் இல்லை. தயிர்ச்சோறு மட்டும் கொடுத்து வளர்க்கலாமா?

கூடாது. டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பு போதிய அளவில் தயாரிக்காது. இறைச்சி, மீன், எலி இவற்றிலிருந்துதான் கிடைக்கும். அது குறைந்தால் கண்ணின் விழித்திரை கெட்டுப் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். வீட்டில் சமைக்க முடியாது என்றால், டாரின் சேர்த்த பூனைத் தீவனம் கடையில் கிடைக்கிறது.

மீன் கழிவைப் பச்சையாகவே போடுகிறோம். தவறா?

தவறு. சில மீன்களில், குறிப்பாகக் குடலில், வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது. பச்சையாகவே நெடுநாள் தின்றால் தலை தொங்குதல், தள்ளாட்டம், வலிப்பு வரும். வேகவைத்தால் அந்தப் பொருள் அழிந்துவிடும். முள்ளை நீக்கிவிட்டுக் கொடுங்கள். கருவாட்டில் உப்பு அதிகம், தினமும் வேண்டாம்.

பூனைக்குக் காய்ச்சல் மாதிரி இருந்தால் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா?

கொடுக்கவே கூடாது. மனிதருக்கான ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதுமானது. பாதியும் ஆபத்துதான். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போய்விடும்.

கடுவன் பூனை சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சுகிறது. என்ன செய்வது?

வாலைத் தூக்கி, நின்றபடி பீய்ச்சினால் அது எல்லை குறிப்பது. நோய் அல்ல. கருத்தடை அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலான பூனைகளிடம் குறையும். எலி பிடிக்கும் குணம் அதனால் போய்விடாது.

எலி மருந்து வைத்தால், செத்த எலியைத் தின்று பூனையும் சாகுமா?

சாகலாம். துத்தநாகப் பாஸ்பைடு, புரோமடியலோன் இரண்டிலுமே அந்த ஆபத்து உண்டு. பூனை உள்ள வீட்டில் பொறியே நல்லது. வயலில் வைத்தே ஆக வேண்டுமென்றால் வளைக்குள் வைத்து மூடி, செத்த எலிகளை அன்றன்றே பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். அந்த நாள்களில் பூனையை வீட்டிலேயே அடைத்து வையுங்கள்.